ஏழாம் அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன்

நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்திரிகையில் நான் ஒரு தொடர் எழுதினேன். புகழ்பெற்ற அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, பன்னிரண்டு அத்தியாயங்கள். வாசகர்கள் பாராட்டினார்கள். ஒருவர், அந்த நடிகருடன் ஒரே வீட்டில் வாழ்ந்த உணர்வு வருகிறது என்று எழுதியிருந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் வீட்டுக்குள் புகுந்து, நாற்காலிகளை என் விருப்பப்படி மாற்றிப் போட்டவன் நான்தானே.

அந்தத் தொடரின் ஏழாம் அத்தியாயத்தை இப்போது திரும்பப் பெறுகிறேன். மற்ற பதினொன்றும் யோக்கியமானவை என்று பொருள் இல்லை. அவற்றால் யாருடைய கையும் போகவில்லை, அவ்வளவுதான். நடிகரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு நான் செய்தது போதும்.

கை போனது என் நண்பருக்கு. அவர் பட்டு நெசவாளர், என் வயதுதான், எழுபதைத் தாண்டியவர். இருவரும் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதன் பிறகு அவர் தறிக்குப் போனார், நான் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்து, பின்பு அதையே முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்தேன். அவர் என்னை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட ஆரம்பித்தது நான் வாத்தியார் ஆவதற்கு முன்பே. கூடவே ‘நீ’ என்றும் சொல்வார். மரியாதையும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் வரும்.

எங்கள் இருவருக்கும் அந்த நடிகர் அறிமுகமானது ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில். அப்போது ஊரில் ஒரு கொட்டகையில் ஞாயிறு காலை மட்டும் ஆங்கிலப் படம் போடுவார்கள். அந்த இடத்தில் இப்போது பட்டுக்கடை இருக்கிறது, ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது. நண்பருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலம் எனக்குத் தெரியும்தான். அந்த நடிகர் வாயை முழுதாகத் திறக்காமல் பேசிய ஆங்கிலம் வேறு ஏதோ ஒன்று.

“இன்னா சொல்றான் வாத்தியாரே?” என்று காதில் கேட்பார்.

“அந்தப் பொண்ணு, உன் அண்ணனை மன்னிச்சுடுன்னு கெஞ்சறா. இவன் முடியாதுன்னுட்டான்.”

“மன்னிக்கமாட்டான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே.”

அந்தப் பெண் உண்மையில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து வரிசையில் இருந்தவர்களும் என் பக்கம் காதைச் சாய்த்திருந்தார்கள். ஒரு பட்டதாரிக்கு அதற்கு மேல் சோதனை வேண்டுமா? இப்படியாகப் பத்துப் பதினைந்து படங்களுக்கு நான் கதை எழுதினேன். பல ஆண்டுகள் கழித்து அந்த அண்ணன் படத்தைத் தமிழில் பேசவைத்துத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அதில் அந்தப் பெண் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நண்பர் மறுநாள் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

“தமிழ்ல போட்டுக் கெடுத்துட்டானுங்கபா. அண்ணன் விஷயத்தையே தூக்கிட்டானுங்க.”

நான் தலையை ஆட்டினேன். சரித்திரம் இப்படித்தான் சிதைக்கப்படுகிறது என்றுகூடச் சொன்னதாக நினைவு.

இத்தனை தகுதிகளோடுதான் அந்தத் தொடரை எழுத உட்கார்ந்தேன். கையில் இருந்தவை பழைய பேப்பர் கடையில் எடுத்த இரண்டு ஆங்கிலக் கட்டுரைகள், ஒன்றில் கடைசிப் பக்கம் இல்லை. கைப்பேசியில் தேடியிருக்கலாம். தேடினால் உண்மை கிடைத்துவிடும் அபாயம் இருந்தது. அந்தக் கட்டுரைகளின்படி அவர் சின்ன ஊர்க்காரர். அப்பா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நாடக மேடையில் சில ஆண்டுகள், பிறகு படங்களில் பத்தாண்டுகள் போலீஸ்காரராகவும் ஓட்டல் சர்வராகவும் நின்றுவிட்டுப் போனார். அதன்பின் ஒரே ஒரு படம் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. விருதுகள், மூன்று திருமணங்கள், ஒரு பண்ணை வீடு. இது ஒரு நல்ல வாழ்க்கை. எனக்குத்தான் போதவில்லை.

இரும்புச் சாமான் கடை எங்கள் காஞ்சிபுரத்தில் எடுபடாது என்று தோன்றியது. எனவே இரண்டாம் அத்தியாயத்தில் அப்பாவைத் தறிக்காரர் ஆக்கினேன். துணி ஆலையில் நெசவு செய்துவிட்டு, விரல் நுனியில் சாயத்தோடு வீடு திரும்பும் தந்தை. அவ்வளவுதான், ஊர் அந்த நடிகரைத் தத்தெடுத்துக்கொண்டது. நெசவாளர் தெருக்களில் அவர் ‘நம்ம ஆளு’ ஆனார். தேநீர்க் கடையில் ஒருவர், அவர் நடக்கும்போது இடது காலை அழுத்தி வைப்பதே தறி மிதித்த பரம்பரையால்தான் என்று விளக்கினார். நான் பக்கத்தில் நின்று, அடக்கத்தோடு தேநீர் குடித்தேன்.

ஏழாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டுரையில், அவர் உடல்நலக் குறைவால் மூன்று நாள் படப்பிடிப்புக்கு வரவில்லை என்று ஒரு வரி இருந்தது. மூன்று நாள்! அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு காபியில் ஆறு பக்கம் எழுதினேன். காலையில் சவரம் செய்யும்போது நடிகரின் வாய் ஒரு பக்கம் கோணுகிறது, வலது கை விழுகிறது. பக்கவாதம். மருத்துவரைக் கூப்பிட்டால் செய்தி பரவும், தொழில் போய்விடும். அவர் கதவைத் தாழிட்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து, சூடான துணியால் முகத்தை ஒற்றி, உயிரெழுத்துகளை உரக்கச் சொல்கிறார். மூன்று நாள். நான்காம் நாள் படப்பிடிப்பில் நிற்கிறார், யாருக்கும் தெரியாது. ‘மன உறுதி ஒன்றே அவருடைய மருத்துவர்’ என்று முடித்திருந்தேன். அந்த வரியை நானே அடிக்கடி சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அந்த மூன்று நாளும் அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

நண்பருக்குக் கண் கொஞ்சம் மங்கல். தறியை நிறுத்தி இளைப்பாறும்போது மனைவி படித்துக்காட்டுவார். ஏழாம் அத்தியாயத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாராம். பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்தார், சாமி படத்துக்குக் கீழே. பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன், மிகவும் பெருமையாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கீழே போட்டார். நெசவாளி நாடாவைத் தவறவிடுவது உண்டு. இவர் குனிந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கியது. மனைவி அலறிக்கொண்டு ஆட்டோ கூப்பிட எழுந்தார். நண்பர் அவரிடம் இடது கையால் சுவரைக் காட்டினார். என் பக்கங்களை. குழியிலிருந்து மெல்ல ஏறி, சுவரைப் பிடித்தபடி அறைக்குள் போய், நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

கதவைத் தட்டித் தட்டிக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, எட்டரை மணிக்கு அவர் மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் வாலாஜாபாத் போகும் பேருந்தில் இருந்தேன். அங்கே ஒரு வாசகர் வட்டத்தில் எனக்குப் பேச்சு. தலைப்பு, அந்த நடிகரின் வாழ்க்கை.

“அண்ணா, இவருக்கு வாய் கோணிக்கினு போச்சுண்ணா. வலது கை தூக்கவே வரல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா கதவச் சாத்திக்கினு கண்ணாடி முன்னாடி குந்திக்கினு இருக்காரு. உங்க கதையில வருதே, அந்த மாதிரி.”

நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் விஷயம், அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குள் ஒரு நொடி இனித்தது. ஒரே ஒரு நொடி. அடுத்த நொடியே நண்பரின் நினைவு வந்தது உண்மைதான், ஆனால் அது இரண்டாவதாக வந்தது.

“அது வேற கேசும்மா” என்றேன். “அவருக்கு லேசா வந்தது. நீ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.”

“வரமாட்டேங்கிறாரே! நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. போனக் கதவுகிட்ட வெக்கிறேன். நீங்க சொன்னா கேப்பாரு.”

ஒரு வார்த்தை. ‘பொய்’ என்ற அந்த ஒரு வார்த்தை போதும். பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், விழாவுக்கு என்னை அழைத்துப்போக வந்த வாசகர் வட்டத்துச் செயலாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸுல இருக்கேம்மா. ஒண்ணும் கேக்கல. முடிச்சிட்டு நேரா வரேன்” என்றேன். எல்லாம் நன்றாகவே கேட்டது.

வாலாஜாபாத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். ஏழாம் அத்தியாயத்தையும் சொன்னேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் நெகிழ்ந்துபோய், தன் மாமனாருக்கு இதைச் சொல்லப் போவதாகச் சொன்னார். அந்த மாமனார் நலமாக இருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

பதினொன்றரைக்கு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ‘ஆ... ஊ...’ என்று ஒரு குரல் வந்தது, அவர் குரல் மாதிரி இல்லை. “நான்தான், திற” என்றேன். உடனே தாழ் விலகியது. எழுதியவனே வந்துவிட்டான் அல்லவா. முகத்தில் ஈரத் துணி, கண்ணில் ஒரு நம்பிக்கை. நன்றாகச் செய்கிறேனா என்று என்னைக் கேட்பதுபோல் பார்த்தார்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் முதலில் நேரத்தைத்தான் கேட்டார். ஏழு மணி என்றதும் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. “நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டுப் பாத்திருக்கலாம் சார். ஏன் இவ்வளவு லேட்?” என்றார். நண்பரின் மனைவி என்னைப் பார்த்தார். நான் மருத்துவரைப் பார்த்தேன்.

“ஆட்டோ கிடைக்கல டாக்டர்” என்றேன்.

காஞ்சிபுரத்தில், வேலை நாளில், ஐந்து மணி நேரம் ஆட்டோ கிடைக்கவில்லை.

பேச்சு மெல்லத் திரும்பியது, கொஞ்சம் குழறலோடு. வலது கை திரும்பவில்லை. தறியில் மூன்று புடவைக்கான பாவு நூல் ஏற்றியிருந்தது. முதல் புடவை பாதியில் நின்றது. அவர்கள் நெய்வது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், அதற்கு மூன்று நாடா வேண்டும், தறியில் இரண்டு பேர் வேண்டும். அதுவரை அவர் குழியில் உட்கார, மனைவி பக்கத்தில் இருந்து கரை நாடாவைப் போடுவார். இப்போது மனைவி குழியில் இறங்கினார். பக்கத்து இடம் காலி. நான் வருகிறேன் என்றேன். நெசவாளர் வீட்டில் பிறந்தும் தறியைத் தொடாமல் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து நண்பர் மேற்பார்வை செய்தார்.

“மெதுவாத் தள்ளு வாத்தியாரே. பாம்பா அது, கடிக்கிறதுக்கு?”

“தள்றேனே.”

“நீ எழுதுற கதையில அவங்கப்பா இன்னாமா நெய்யிறாரு! நீ இன்னாடான்னா ஒரு நாடாவத் தள்றதுக்கு நாக்கக் கடிச்சிக்கிற.”

அவர் மனைவி சிரிக்கவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு முறை தனியாகக் கேட்டார், “அண்ணா, அது நெஜமா நடந்ததுதானே?” என்று. “படிச்சுத்தாம்மா எழுதினேன்” என்றேன். இரண்டு வாரம் கழித்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் வந்தாள். முதல் நாளே ஒரு கண்ணாடியை எடுத்து அவர் முன் வைத்து, ‘ஆ, ஈ, ஊ’ சொல்லச் சொன்னாள். நண்பருக்கு வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே.

“பாத்தியா வாத்தியாரே? அவரு செஞ்சதுதான்! நான் அன்னிக்குச் சரியாத்தான் செஞ்சிருக்கேன். நீங்கதான் பாதியில இஸ்துக்கினு போயிட்டீங்க.”

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அந்த நம்பிக்கையில்தான் அவர் தினமும் கண்ணாடி முன் உட்காருகிறார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கருணை என்று அதற்குப் பெயர் வைத்தேன். பெயர் வைப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

பிறகு அந்த நடிகர் இறந்துபோனார். நல்ல முதுமையில், பண்ணை வீட்டில், உறக்கத்தில். தறிக்கு அருகில் இருந்த தொலைக்காட்சியில், மதியச் செய்தியில் அவர் வாழ்க்கையைச் சில நிமிடங்களில் காட்டினார்கள். இரும்புச் சாமான் கடையின் பழைய புகைப்படம்கூட வந்தது, வாசலில் அப்பா ஏப்ரன் கட்டி நின்றார். நான் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாத்தியாரே, தறி விஷயத்தையே சொல்லலையே. வாதம் வந்ததையும் சொல்லல. யாரோ கடைன்னு காட்றானுங்க.”

“மறைக்கறாங்க” என்றேன். “நெசவுக்காரன் பிள்ளைன்னா அங்கயும் கௌரவக் குறைச்சல்தானே.”

“ஆமாபா. எங்க போனாலும் நம்ம நெலம இதான்” என்றார். கண் கலங்கியது. நடிகருக்காக மட்டும் இல்லை.

அன்று மாலையே சிவன் கோவிலில் மோட்ச தீபம் ஏற்ற வேண்டும் என்றார். இறந்தவரின் ஆன்மா நல்ல கதி அடைய ஏற்றும் விளக்கு. சொந்தக்காரர்கள்தான் ஏற்றுவார்கள். நம்ம ஆளுக்கு நாம் ஏற்றாமல் யார் ஏற்றுவது என்று கேட்டார். நானும் அவர் மனைவியும் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, கால் இழுத்து இழுத்து வந்தார். குருக்கள் பெயரைக் கேட்டார். நண்பர் சொன்னார். குருக்கள் இன்னொரு முறை கேட்டார். நண்பர் இன்னும் தெளிவாகச் சொல்ல முயன்றார், அந்தக் குழறும் வாயில் அந்த அமெரிக்கப் பெயர் ஏறக்குறைய அமெரிக்கர்கள் சொல்வதுபோலவே வந்தது.

“சரி, சிவகோத்ரம்னு வெச்சுக்கறேன். நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார் குருக்கள்.

“வாத்தியாருக்குத் தெரியும்” என்று நண்பர் என்னைப் பார்த்தார்.

“ரோகிணி” என்றேன்.

யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொன்னது. சுவாமிக்கு எதிரே, எரியும் விளக்குக்கு எதிரே, ஒரு பிணத்துக்கு நான் நட்சத்திரம் கொடுத்தேன். குருக்கள் மந்திரம் சொன்னார். ஆவிகள் எங்கேயாவது வரிசையில் நிற்பது உண்மையானால், வேறு யாரோ ஒரு ரோகிணிக்காரர் அன்று முன்னால் தள்ளப்பட்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது.

வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்தபோது சொன்னேன். “அவர் நட்சத்திரம் எனக்குத் தெரியாது.”

“பரவால்லபா.”

“அவங்க அப்பா தறிக்காரர் இல்ல. கடைக்காரர்தான்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“அவருக்கு வாதமும் வரல. பல் பிடுங்கினாங்க. கண்ணாடி, துணி, மூணு நாள், எல்லாம் நான் எழுதினது.”

அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

“எட்டரை மணிக்கு இவ உனக்குப் போன் பண்ணாளே. அப்போ ஏன் சொல்லல?”

அவர் கேட்டது அது ஒன்றுதான். தறியைப் பற்றிக் கேட்கவில்லை, ரோகிணியைப் பற்றிக் கேட்கவில்லை.

“வாலாஜாபாத்துல பேச்சு இருந்தது” என்றேன். “பொன்னாடை போடறதாச் சொல்லியிருந்தாங்க.”

அவர் மனைவி எழுந்து, அவருடைய இரண்டு பக்கத்தையும் தாமே தாங்கிக்கொண்டு நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை தறிக்குப் போனேன். துணிச்சல் இல்லை, வீட்டில் உட்காரும் துணிச்சல் அதைவிடக் குறைவாக இருந்தது. நண்பர் தன் மனைவியிடம் சொன்னார், “அந்தாளு வந்துட்டாரு. நாடாவக் குடு.” அன்றிலிருந்து நான் ‘அந்தாளு’. மேற்பார்வை தொடர்கிறது, கேலி நின்றுவிட்டது. தவறு செய்தால் விரலால் மட்டும் காட்டுகிறார். கேலி எத்தனை பெரிய சலுகை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கண்ணாடிப் பயிற்சியை அவர் விடவில்லை. நான் இருக்கும்போது செய்வதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த அன்று, பொன்னாடை போர்த்தியவரின் மாமனாரைப் பற்றி நானாகவே அவரிடம் சொன்னேன். அவர் என்னிடம் நேராகப் பேசினார். “நீ எந்தப் புஸ்தகத்துல எழுதினியோ அதுலயே எழுது. அந்த வாலாஜாபாத்துக்காரன் மாமனாரும் படிக்கட்டும்.”

அதனால்தான் இதை எழுதினேன். அனுப்பும் முன் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நேற்றுக் காலை அவர் மனைவி உரக்கப் படித்தார். பேருந்து, பொன்னாடை, ஆட்டோ, எதற்கும் அவர் முகம் மாறவில்லை. கடைசிப் பத்தி வந்தது. அதில், மூன்றாவது புடவையின் முதல் நாள் நான் நாடாவை அவர் மடியில் வைத்ததாகவும், வலது கை விரல்கள் மெல்ல அதைச் சுற்றி மூடியதாகவும் எழுதியிருந்தேன்.

“நிறுத்து” என்றார். “இது எப்போ நடந்துச்சு?”

“முந்தாநாள் விரல் அசைஞ்ச மாதிரி இருந்தது...” என்றேன்.

“ஈ குந்திச்சு. ஈதான் அசைஞ்சுது.”

பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார், இடது கையால். அந்தப் பத்தியை அடித்தேன். அவர் விரல்கள் மூடவில்லை.